அளக்காமல் மூடிய கிடங்குகள்

எங்கள் வளவில் ஐந்து தென்னைகள் நிற்கின்றன. ஐந்தும் போருக்குப் பிறகு மீளக்குடியேறி வந்த 2012ஆம் ஆண்டில் ஒரே நாளில் வைத்த பிள்ளைகள். நான்கு மரங்கள் ஒரு மட்டமாக நிற்க, கிணற்றடிப் பக்கத்து மரம் மட்டும் ஓர் ஆள் உயரம் கூட. காயும் அதில்தான் முதலில் பிடித்தது. பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அதுக்கு மட்டும் என்ன பசளை போடுறியள்?" என்று கேட்பா. ஐயாவிடம் அதற்கு ஒரே பதில்தான்: "அது பங்கருக்கு மேல நிக்குது, பிள்ளை."

போரில் ஷெல்லடிக்கு ஒதுங்க வெட்டிய பதுங்குகுழியைத்தான் பங்கர் என்கிறார். அவர் பகிடிக்குச் சொல்வதில்லை. வெட்டி மூடிய கிடங்கின் மண், வெட்டாத மண்ணைப்போல இறுகிக் கிடக்காது. ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வேரும் இலகுவாக இறங்கும். இங்கிலாந்தில் தொல்லியலாளர்கள் வறண்ட கோடையில் சின்ன விமானத்தில் ஏறி வயல்களை மேலே இருந்து பார்ப்பார்கள். பயிர் எங்கே கோடு கோடாகக் கூடுதல் பச்சையாகத் தெரிகிறதோ, அங்கே நிலத்துக்குள் பழைய அகழியோ குழியோ இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பயிர்த்தடம் என்பது அதற்குப் பெயர். எங்கள் வளவில் விமானம் தேவைப்படவில்லை. அக்காவின் கண் போதுமாக இருந்தது.

நான் புதுக்குடியிருப்பில் வரலாறு படிப்பிக்கிறேன். ஐயா நாற்பது வருடம் கிணறு வெட்டியவர். மண்ணைத் தோண்டி உள்ளே பார்ப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பிழைப்பு என்று சொல்லலாம். அவர் அலவாங்கால், நான் புத்தகத்தால். போன வருடம் வகுப்பில் பழைய குகைகளைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மனிதர் நிலத்துக்கடியில் ஏன் போய் இருந்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. "நாங்களும் பங்கருக்குள் இருந்தோம்தானே" என்று சொல்லிவிட்டேன். பின்வாங்கில் இருந்த பெடியன் எழும்பி, "ரீச்சர், பங்கர் எண்டா என்ன மாதிரி இருக்கும்?" என்றான். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். கரும்பலகையில் கீறிக் காட்டுவோம் என்று வெண்கட்டியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை அடி நீளம்? படி எந்தப் பக்கம்? அதற்குள் மாதக்கணக்காக இருந்த எனக்கே தெரியவில்லை.

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு குகையை அளக்க எனக்குத் தெரியும். அது 2003இல் பழகியது. சமாதான காலம், பாதை திறந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் இருந்து எங்களை வவுனியாப் பக்கக் காட்டுக்குள் ஒரு பாறையடிக்குக் கூட்டிப்போனார்கள். இடத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வன்னியில் பெயர் வெளியே வந்த மலையெல்லாம் இப்போது வழக்கில் நிற்கிறது. குருந்தூர் மலையும் வெடுக்குநாறி மலையும் பத்திரிகையில் வராத மாதம் குறைவு. கோயிலா விகாரையா என்று கேட்கிறவர்களுக்கு நடுவில், அந்தக் கல்லில் அளக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவருடைய குரல் எடுபடுவதில்லை.

அந்தப் பாறை ஒரு பெரிய யானை படுத்திருந்தமாதிரி இருந்தது. அதன் ஒரு பக்கம் சரிந்து நீட்டி நிற்க, கீழே பத்துப்பேர் இருக்கக்கூடிய நிழல். இதில் மனிதர் வெட்டியது என்ன என்று விரிவுரையாளர் கேட்டார். நாங்கள் உள்ளே போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றோம். அவர் வெளியே நின்று மேலே கையைக் காட்டினார். பாறையின் நெற்றியில், இடமிருந்து வலமாக, ஒரு புருவம் வெட்டியிருந்தது.

தொல்லியலில் அதை நீர்வடி விளிம்பு என்பார்கள். கேத்திலில் இருந்து தேத்தண்ணி ஊற்றும்போது கொஞ்சம் மூக்கோடு ஒட்டி வழிந்து அடிப்பக்கத்துக்கு ஓடுகிறதல்லவா, மழைத் தண்ணீரும் பாறையில் அப்படித்தான் ஓடும். நெற்றியால் இறங்கி, வளைவோடு ஒட்டிக்கொண்டு, குகைக்குள்ளேயே வந்து சொட்டும். இயற்கைக் குகை மாரியில் இருக்க உதவாமல் போவது இதனால்தான். நெற்றியில் ஒரு விளிம்பை வெட்டிவிட்டால் தண்ணீருக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. அந்த விளிம்பில் இருந்து நேரே வெளியில் விழும். வன்னியின் பாறை கருங்கல்போல உறைந்தது, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செய்ததுபோல மலையைக் குடைந்து மண்டபம் எடுப்பது லேசான வேலையில்லை. ஆனால் புருவம் வெட்டலாம். நாலு விரல் அகலமான ஒரு வெட்டு, மிருகம் ஒதுங்கிய நிழலை மனிதர் வருடம் முழுக்க இருக்கும் வீடாக மாற்றிவிடுகிறது. பிறகு முன்பக்கத்தைச் சுவர் வைத்து அடைப்பார்கள், உள்ளே சாந்து பூசுவார்கள், அவ்வளவுதான்.

எழுத்தும் பெரும்பாலும் அந்த விளிம்பை ஒட்டித்தான், மழை படாத பக்கத்தில் இருக்கும். யார் இந்தக் குகையைக் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், ஒரே வரி. இலங்கை முழுக்க இப்படிப்பட்ட ஆரம்பகாலக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். தொல்லியலாளர் பரணவிதான 1970இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்துக் குகைகளும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. அதில் ஒரு குகை விசாகன் என்ற வணிகனுடையது. கல்வெட்டு அவனைக் கிருகபதி, அதாவது வீட்டுத் தலைவன் என்கிறது. 'தமேட' என்றும் சொல்கிறது. அது தமிழன் என்பதற்கான பிராகிருதச் சொல். பௌத்த துறவிகளுக்குக் குகை கொடுத்த ஒரு தமிழ் வியாபாரி. இந்த ஒரு வரியை வாசித்த பிறகு கோயிலா விகாரையா என்று மல்லுக்கட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் அமைதியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதே கதை சமணத் துறவிகளோடு வருகிறது. மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் மலையின் எழுத்துகளை ராபர்ட் சிவெல் 1882இலேயே கண்டார். அந்த மொழி தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக் காட்டும்வரை அது பிடிபடவில்லை. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் குகைக்குள் கல்லை வழுவழுப்பாகத் தேய்த்து 17 படுக்கைகள் செய்திருக்கிறார்கள், தலைமாட்டில் தலையணைபோல மேடும் வைத்து. ஊர்ச்சனம் இப்படியான இடங்களைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்லும். ஐந்து பேருக்கு 17 படுக்கை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

2003இல் அந்தப் பாறையடியில் ஒரு நாள் முழுக்க அளந்தோம். நாடாவைப் பிடித்து விளிம்பின் நீளம், நிலத்தில் இருந்து உயரம், உள்ளே எவ்வளவு ஆழம், வாசல் எந்தத் திசை, கூரையில் புகைக்கரி எங்கே. கரியைப் பார்த்தவுடன் துறவிகளின் அடுப்பு என்று எழுதிவிடக் கூடாது. சேனைப்பயிர் செய்தவன், தேன் எடுக்கப் போனவன், எல்லாரும் அதற்குள் ஒதுங்கியிருப்பார்கள். எழுத்துக்கு மைப்படி எடுத்ததை மறக்க முடியாது. கல்லைக் கழுவி, நனைந்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக வந்து நிற்கும். எல்லாம் முடிய விரிவுரையாளர் ஒவ்வொருவருடைய வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தார். என்னுடையதைத் திருப்பித் தந்துவிட்டார். அளவெல்லாம் சரி. வடக்கு எது என்று அம்புக்குறி போடவில்லை. திசை இல்லாத வரைபடம் செல்லாக்காசு என்றார்.

புதுக்குடியிருப்பில் இப்படி ஒரு பாறை இல்லை. ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் போனால்தான் கல்லைக் காணலாம். இங்கே மண். கிழக்கே போகப் போக வெறும் மணல். குகை இல்லாத ஊர் குகையைத் தோண்டிக்கொண்டது.

எங்கள் பங்கரை ஐயா 'எல்' வடிவில் வெட்டினார். வன்னியில் பலரும் அப்படித்தான் வெட்டினார்கள். ஷெல் துண்டு நேர்கோட்டில் பாயும், வளைந்து வராது. வாசலுக்கு நேரே இருப்பவன் செத்தான், மூலை திரும்பி இருப்பவன் தப்பினான். துருக்கியில் கப்பதோக்கியாவின் டெரின்குயு என்ற நிலத்தடி நகரத்தின் நடைபாதைகளும் ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய அளவுதான், வழியை அடைக்க உருட்டிவிடும் வட்டக் கல் கதவுகளும் உண்டு. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையில், ஏறத்தாழ 85 மீட்டர் ஆழத்துக்கு, தட்டுத்தட்டாகக் குடைந்திருக்கிறார்கள். 1963இல் ஒருவர் தன் வீட்டைத் திருத்தச் சுவரை இடித்தபோதுதான் பின்னால் அது இருப்பது வெளியே தெரிந்தது. அதைப்பற்றி முதலில் வாசித்தபோது நான் ஆச்சரியப்பட்டது ஆழத்துக்காக இல்லை, காற்றுக் குழாய்களுக்காக. எங்கள் பங்கருக்கு ஐயா பி.வி.சி. குழாய் ஒன்று வைத்திருந்தார். மழைக்கு அதன் வாயில் சிரட்டையைக் கவிழ்ப்பது என் தம்பியின் வேலை.

மட்பாண்டத்தைத் தொல்லியலாளர் வகை பிரித்துக் காலம் சொல்வார்கள். பங்கரையும் அப்படிப் பிரிக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். சொந்த வளவில் வெட்டியது ஒரு வகை. முழுப் பனங்குற்றி நெருக்கி அடுக்கி, மேலே தறப்பாள், அதன்மேல் மண் நிரப்பிய உரப்பைகள், அதன்மேலும் மண். உள்ளே செதுக்கிய படி, சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம், மாடத்துக்கு மேலே புகைக்கரி. நிதானமாக, நேரம் எடுத்து வெட்டிய மனிதரின் கை அதில் தெரியும். இடம்பெயர்ந்து மற்றவர் வளவில் வெட்டியது அடுத்த வகை. குற்றி கிடையாது. கதவும் கட்டில் சட்டமும் கூரைத் தகரமும் மேலே கிடக்கும். 'எல்' வடிவம் போய் வெறும் நீளக் கிடங்காகிவிடும். 2009 மாசி, பங்குனிக்குப் பிறகு மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கடற்கரை மணலில் தோண்டியது கடைசி வகை. மணல் செங்குத்தாக நிற்காது, சரியும். கொஞ்சம் ஆழப் போனால் தண்ணீர். சாக்கும் இல்லை. பெண்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினார்கள். கூறைச்சேலையும் அதில் போனது. மேலே கூரை இல்லை. இந்த மூன்றையும் கீறிப் பக்கம் பக்கமாக வைத்தால், திகதி போடாமலே எது முந்தியது எது பிந்தியது என்று ஒரு வெளியூர்க்காரன் சொல்லிவிடுவான்.

ஆனால் கிடங்கு பொய்யும் சொல்லும். காஷ்மீரில் சிறிநகருக்குப் பக்கத்தில் புர்ஸகோம் என்று ஓர் இடம். 1960இல் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. புதிய கற்காலத்தில், இன்றைக்கு ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன், வெட்டிய வட்டக் குழிகள் கிடைத்தன. பெரியதன் வாய் 2.74 மீட்டர், அடி 4.57 மீட்டர், ஆழம் 3.95 மீட்டர். வாய் ஒடுங்கி அடி அகன்ற பானை மாதிரி. சிலவற்றில் சாம்பலும் கரியும், வாயைச் சுற்றிக் கம்பு நட்ட துளைகளும். ஆழமான குழிகளில் படிகள் பாதிவரைதான், அதற்குக் கீழே ஏணி வைத்திருக்க வேண்டும். குளிருக்கு நிலத்துக்கடியில் வாழ்ந்த மக்கள் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. பிறகு வந்த சிலர் இது வீடுதானா, தானியம் போட்டு வைத்த குழியா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. ஐயாவிடம் இந்த அளவுகளைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய் ஒடுக்கமெண்டா வெட்டினவன் மண்ணைத் தெரிஞ்சவன். ஆனா பிள்ளைகுட்டியோட இருக்கிறதுக்கு வெட்டினவன் பாதியில படியை விடமாட்டான்" என்றார். ஆய்வறிக்கையில் இதைச் சேர்க்க முடியாது. எனக்கு அது போதும்.

எங்கள் பங்கரை நாளைக்கு ஒருவர் அகழ்ந்தால் என்ன நினைப்பார்? அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும், ஆள் இல்லாமல் அது திறந்து கிடந்த மூன்று மாரிகளின் தண்ணீர் கொண்டுவந்தது. அதற்குமேல் சரிந்த சுவர் மண். அதற்குமேல் ஒரே நாளில் கொட்டிய குவியல்: உடைந்த ஓடு, அடுப்புச் சாம்பல், மூக்கில்லாத கேத்தில், தையல் மெசினின் இரும்புக் கால். கண்ணிவெடி அகற்றியவர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு நாங்கள்தான் அவ்வளவையும் உள்ளே தள்ளி மூடினோம். அடுத்தவர் இதைக் குப்பைக்கிடங்கு என்று எழுதிவிட்டுப் போகலாம். தையல் மெசினைக் கண்டு தையல்கடை என்றும் எழுதலாம்.

ஊரில் எல்லாரும் அப்படித்தான் மூடினார்கள். யார்தான் முற்றத்தில் அந்த வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சோறு சாப்பிடுவார்கள்? மூடாமல் அதிக நாள் இருந்தது ஒன்று, விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனுடையது என்று காட்டப்பட்ட, பல தட்டுகள் கொண்ட நிலத்தடி வீடு. போருக்குப் பிறகு தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். 2013 ஒக்டோபரில் இராணுவம் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. அது யாருடையது, அதை வணங்குவதா வெறுப்பதா என்பது வேறு வழக்கு. வியட்நாமில் போர்க்காலக் கூச்சி சுரங்கங்களின் சில பகுதிகளை உல்லாசப் பயணிகள் நுழையலாம் என்று அகலமாக்கியே வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒருவகை அழிப்புத்தான். நான் கேட்பது அதையும் அல்ல, அளந்து வைப்பதைத்தான். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் நகரத்துக்குக் கீழே மணற்பாறையில் வெட்டிய குகைகள் ஐந்நூறுக்கும் மேல். 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு துறவி அந்த ஊரைக் குகைகளின் வீடு என்று குறித்திருக்கிறார். ஏழைகள் அதற்குள் குடியிருந்தார்கள், தோல் பதனிட்டார்கள், பியர் வைத்தார்கள், இரண்டாம் உலகப் போரில் குண்டுக்கு ஒதுங்கினார்கள். 2010இல் லேசர் கருவியோடு ஒரு குழு இறங்கி ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கியது. நடுக்காலத்துக் குகைக்கும் 1940ஆம் ஆண்டுப் பதுங்குமிடத்துக்கும் ஒரே கருவி, ஒரே கவனம். ஒரு சுவரில் கிடப்பது எத்தனையாம் நூற்றாண்டு வெட்டு என்று பார்த்து அவர்கள் கருவியை நிறுத்தவில்லை.

நம்முடைய தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அது காப்பது பழமையை. பங்கர் பழமையில்லை, அதனால் அதற்கு ஆளில்லை. அதைத் தோண்டிப் பார்க்கச் சொல்லவில்லை. வெடிக்காத பொருள் உள்ளே கிடக்கலாம், மண்ணோடு மனிதரும் கிடக்கலாம், அதற்கு வேறு துறையும் வேறு சட்டமும் வேண்டும். ஆனால் வெட்டியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சித்தன்னவாசலில் படுக்கை தேய்த்தவனைக் கேட்க முடியாது. ஐயாவைக் கேட்கலாம்.

அதனால் போன சித்திரை விடுமுறையில் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு தென்னையடியில் கதிரை போட்டு அவரை இருத்தினேன். எட்டடி நீளம் ஒரு கை, ஆறடி மற்றக் கை. மூன்றரை அடி அகலம். ஆழம் ஐந்தரை. பனங்குற்றி பதினேழு. அவர் சொல்லச் சொல்லக் கீறினேன். ஐயாவுக்கு வயது எழுபத்தைந்து, போன கிழமை சாப்பிட்டது ஞாபகமில்லை, குற்றிக்கணக்கு ஞாபகமிருக்கிறது. படி ஐந்து என்று நானே போட்டேன். கொப்பியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"ஐஞ்சில்லைப் பிள்ளை, ஆறு."

"ஐஞ்சுதானே ஐயா, நான் இறங்கி ஏறினனான்."

"நீ ரெண்டு ரெண்டாத் தாண்டினனி. ஆச்சிக்கு முழங்கால் மடிக்கேலாது எண்டு மூண்டாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில அரைப்படி ஒண்டு வெட்டினனான். பிறகு வெட்டினது. அதில மட்டும் பலகை போட்டது."

ஆச்சி அந்தப் படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அழித்துவிட்டு, நடுவில் ஒடுக்கமாக ஒரு கோடு கீறி, பக்கத்தில் 'பிந்தியது, பலகை' என்று எழுதினேன். ஐயா இன்னும் கொப்பியைத் திருப்பித் தரவில்லை. நேராகப் பிடித்தார், பக்கவாட்டாகப் பிடித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அது சரி, இதில கிணறு எந்தப் பக்கம்? வடக்கெது தெற்கெது எண்டு ஒண்டும் போடேல்லையே."